கருவுற்ற தாயின் மனக்கவலை

கர்ப்பிணி ஒருத்தி துணை சுகாதார நிலையத்திற்குப் பரிசோதனைக்கு வரும்பொழுது அவளுடைய எடை பார்க்கப்படுகிறது. இரத்த அழுத்தம் அளக்கப்படுகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அளவும், சிறுநீரில் சர்க்கரை, புரதம் ஆகியவையும் சோதிக்கப்படுகின்றன. வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிசுவின் வளர்ச்சி மதிப்பிடப்படுகிறது. இவை யாவும் அட்டையில் குறிக்கப்பட்ட பின்னர், இரும்புச்சத்து மாத்திரைகளுடன் அவள் வீடு திரும்புகிறாள். இப்பணியால் விளைந்த நன்மை சிறிதன்று. 2004-06 ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் 254 தாய்மார் உயிரிழந்தனர் என்று மாதிரிப் பதிவுக் கணக்கு காட்டியது. 2019-21 ஆம் ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை 93 ஆகக் குறைந்தது. 2019-21 இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நூற்றுக்கு 88.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. வெயிலிலும் மழையிலும் வீடுவீடாகச் சென்ற களப்பணியாளரின் உழைப்பு இவ்வெண்களில் அடங்கியிருக்கிறது.

எனினும், இவ்வளவு பரிசோதனைகளுக்கிடையே ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது. கருவுற்ற பெண்ணின் உள்ளம் எந்நிலையில் இருக்கிறது என்பதே அக்கேள்வி. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பயம் இருப்பது இயல்புதானே என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். வரிசையில் இன்னும் பலர் காத்திருப்பதால் பணியாளரும் அதைத் தொடுவதில்லை. கேட்பாரில்லாத காரணத்தால் அவளும் சொல்வதில்லை. இரத்தச்சோகையைத் தேடிக் கண்டுபிடிப்பது போலவே மனக்கவலையையும் ஒவ்வொரு பரிசோதனையின்பொழுதும் தேடிக் கண்டுபிடித்தல் வேண்டும். அக்கவலையின் வேர் பெரும்பாலும் அவளைச் சூழ்ந்த வாழ்க்கையில் இருப்பதால், பரிகாரமும் அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும். இவ்விரண்டு கருத்துகளும் களப்பணியாளர், ஆசிரியர் ஆகிய இரு சாராரின் சிந்தனைக்கும் உரியவை.

இயல்பான கவலையும் நோயான கவலையும்

கவலை என்பது முற்றிலும் தீயதன்று. ஆபத்தை முன்னறிந்து உடலை ஆயத்தப்படுத்த இயற்கை அளித்த கருவி அது. பிரசவ நாள் நெருங்குகையில் பணம் சேர்த்து வைப்பதும், வண்டிக்குச் சொல்லி வைப்பதும், துணைக்கு வருவோரை ஏற்பாடு செய்வதும் கவலையின் பயனே அன்றோ? இத்தகைய கவலை வரும். காரியம் முடிந்ததும் போய்விடும். உணவையும் உறக்கத்தையும் நெடுநாள் கெடுப்பதில்லை.

நோயான கவலை வேறு வகைப்பட்டது. அது காரியம் முடிந்தும் விலகாது. ஒரு பயம் தீர்ந்தால் மற்றொன்று அவ்விடத்தில் வந்து அமரும். நாளின் பெரும் பகுதியும், வாரக்கணக்கிலும், நிறுத்த முயன்றாலும் நிறுத்த முடியாதபடி அது மனத்தை ஆட்கொள்ளும். படபடப்பு, மூச்சு முட்டுதல், கைந்நடுக்கம், வியர்வை, தலைபாரம், தசைகளில் இறுக்கம், உறக்கமின்மை, எரிச்சல் ஆகியவை அதன் உடற்குறிகள். சிலருக்குத் திடீரென்று உயிரே போய்விடும் போன்ற பேரச்சம் எழுந்து, சில நிமிடங்களில் தணியும். வேறு சிலர் சிசு அசைகிறதா என்று இரவு முழுவதும் வயிற்றில் கைவைத்துக் கொண்டே விழித்திருப்பர்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. மேற்கூறிய குறிகளில் பல, கர்ப்ப காலத்திலேயே இயல்பாகத் தோன்றுபவை. இரத்தச்சோகையாலும் படபடப்பு வரும். மேற்கண்ட குடும்ப நல ஆய்வின்படி கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52.2 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். தைராய்டுச் சுரப்பி மிகையாக இயங்கினாலும் நடுக்கமும் படபடப்பும் உண்டாகும். ஆகவே உடற்குறியைக் கண்டதும் அது மனத்தின் வேலை என்று தீர்ப்பளித்தலும் தவறு. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு மனத்தை மறந்துவிடுதலும் தவறு. இரத்தப் பரிசோதனையும் மனத்தைப் பற்றிய விசாரணையும் ஒன்றுக்கொன்று துணையாக நடைபெறுதலே முறை.

நோயின் பரப்பு

இது சிலருக்கே வரும் அரிய நோய் என்று எண்ணுவதற்கு இடமில்லை. 34 நாடுகளில் நடந்த 102 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த ஓர் அறிக்கை 2017 இல் வெளியாயிற்று. கர்ப்பிணிகள் தாமே தெரிவித்த குறிகளைக் கொண்டு பார்க்கையில், முதல் மூன்று மாதங்களில் நூற்றுக்கு 18.2 பேரும், இடை மூன்று மாதங்களில் 19.1 பேரும், கடைசி மூன்று மாதங்களில் 24.6 பேரும் கவலைக் குறிகள் உடையவராக இருந்தனர். முறையான மருத்துவ விசாரணையால் கவலை நோய் என்று உறுதி செய்யப்பட்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். வருவாய் குறைந்த நாடுகளில் இவ்வளவு இன்னும் மிகுதி என்பதும் அவ்வறிக்கையில் கண்ட செய்தி.

கவலையும் மனச்சோர்வும் பெரும்பாலும் இணைந்தே காணப்படுகின்றன. கோவாவில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு வந்த தாய்மாரைப் பற்றிய ஆய்வு 2002 இல் வெளிவந்தது. பிரசவமாகி ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. கவனித்தற்குரிய செய்தி யாதெனில், அவ்வாறு நோயுற்றோரில் நூற்றுக்கு 78 பேர் கர்ப்பமாக இருந்தபொழுதே மனத்துயரக் குறிகளைக் காட்டியிருந்தனர். பிள்ளை பிறந்த பின்னர் வெளிப்படும் நோயின் அறிகுறி முன்பே இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அதைக் கேட்டறிய வாய்ப்பும் இருக்கிறது. அவ்வாய்ப்பு தவறவிடப்படுகிறது என்பதே இதன் பொருள்.

கவலையின் காரணங்கள்

காரணங்களை ஆராய்கையில் இரண்டு வகைகள் புலப்படுகின்றன. முதல் வகை, அப்பெண்ணின் உடலையும் கடந்த கால அனுபவத்தையும் சார்ந்தது. முன்பு கருச்சிதைவு நேர்ந்தவள், இறந்த குழந்தையைப் பெற்றவள், பிறந்த சில நாட்களிலேயே குழந்தையை இழந்தவள் ஆகியோருக்கு அடுத்த கர்ப்பம் மகிழ்ச்சியைக் காட்டிலும் அச்சத்தையே மிகுதியாகக் கொணர்கிறது. முன்பே கவலை நோயோ மனச்சோர்வோ வந்து தணிந்தவர்களுக்கு அது திரும்ப வரலாம். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு முதலிய சிக்கல்கள் உள்ள கர்ப்பமும், முந்தைய பிரசவத்தில் பட்ட கடுந்துன்பமும் கவலையை வளர்க்கின்றன. தலைப்பிரசவத்தில் அறியாமையால் வரும் அச்சமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இரண்டாம் வகை, அவளைச் சூழ்ந்த குடும்பத்தையும் சமூகத்தையும் சார்ந்தது. வருவாய் குறைந்த நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2012 இல் வெளியிட்ட கட்டுரை இக்காரணங்களைத் தெளிவாக எடுத்துக் காட்டுகிறது. வறுமை, விரும்பாத கர்ப்பம், இளவயது, கணவனின் பரிவின்மை, புகுந்த வீட்டாரின் பகைமை, கணவன் செய்யும் வன்முறை, கைவேலைக்கும் மன ஆறுதலுக்கும் ஆளில்லாமை, சில நாடுகளில் பெண் குழந்தை பிறத்தல் ஆகியவை அப்பட்டியலில் இடம் பெற்றன. கல்வி, நிலையான வேலை, அன்பும் நம்பகமும் உள்ள கணவன் ஆகியவை பெண்ணைக் காப்பனவாகக் காணப்பட்டன.

இந்தியச் சூழ்நிலையில் இவற்றுள் சில தனியாகக் குறிப்பிடத்தக்கவை. தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மாரைப் பற்றி 2002 இல் வெளியான ஆய்வில், பிரசவத்திற்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர். குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை விரும்பிய வீட்டில் பெண் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயர நிகழ்ச்சிகள், உதவிக்கு ஆளில்லாமை ஆகியவை அந்நோயுடன் தொடர்புடையனவாக இருந்தன. கோவாவில் நடந்த ஆய்விலும் வறுமை, தம்பதியரிடையே பிணக்கு, குழந்தையின் பால் ஆகியவையே முன்னின்றன. நாட்டின் இரு வேறு பகுதிகளில், இரு வேறு குழுவினர் கண்ட முடிவுகள் இவ்வளவு ஒத்திருப்பது தற்செயல் அன்று.

ஆண் பிள்ளை வேண்டும் என்னும் வற்புறுத்தல் கர்ப்பிணியின் உள்ளத்தில் எத்தகைய பாரத்தை ஏற்றுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்றவள் மூன்றாம் முறை கருவுறுகையில், அவளுடைய ஒன்பது மாதங்களும் தீர்ப்புக்குக் காத்திருக்கும் குற்றவாளியின் நாட்களாகி விடுகின்றன. சிசுவின் பாலை அறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டது. அதனால் கருவின் பாலை வெளியிடுவது குற்றமாயிற்று. வீட்டில் எழும் பேச்சைச் சட்டம் எட்டிப் பிடிக்க இயலாது. அங்கே நுழையக் கூடியவர்கள் களப்பணியாளரும் ஆசிரியருமே.

வன்முறையைப் பற்றியும் மறைத்துப் பேசுவதால் பயனில்லை. 2019-21 ஆம் ஆண்டு ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் நூற்றுக்கு 29.3 பேர் கணவனால் வன்முறைக்கு உள்ளானவர்கள். கர்ப்பமாக இருந்தபொழுதே அடிபட்டவர்கள் நூற்றுக்கு 3.1 பேர். ஒரு பணியாளரின் பதிவேட்டில் நூறு கர்ப்பிணிகளின் பெயர்கள் இருக்குமாயின், அவர்களுள் சிலர் அடிபட்ட நினைவோடும், அடுத்த அடியைப் பற்றிய அச்சத்தோடும் பரிசோதனைக்கு வருகின்றனர் என்று கொள்வதே அறிவுடைமை. அவர்களுடைய கவலை கற்பனையன்று. கண்முன் நிற்கும் ஆபத்தை அறிந்த கவலை. அத்தகையவளிடம் "வீணாகக் கவலைப்படாதே" என்று சொல்வது அறிவுரையாகாது.

சிசுவும் தாயின் குற்றவுணர்ச்சியும்

தாயின் கடுங்கவலை குறைமாதப் பிரசவம், குறைந்த எடையுடன் குழந்தை பிறத்தல் ஆகியவற்றுடன் தொடர்புடையது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கவலையுற்ற நிலையில் கார்டிசால் முதலிய சுரப்புநீர்கள் மிகுதல், உறக்கமும் உணவும் குறைதல், பரிசோதனைக்கு ஒழுங்காக வராமை எனப் பல வழிகளில் இத்தொடர்பு ஏற்படக்கூடும். ஆயினும் தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது விஞ்ஞானத்தின் முதற்பாடம். வறுமை தாயின் கவலைக்கும் காரணமாகிறது. சிசுவின் எடைக் குறைவுக்கும் காரணமாகிறது. அவ்வாறிருக்க, எடைக் குறைவுக்குக் கவலையை மட்டும் பொறுப்பாக்குதல் நியாயமன்று. மேலும், தாயின் இரத்தத்திலுள்ள கார்டிசாலின் பெரும் பகுதியைச் செயலற்றதாக மாற்றும் நொதி ஒன்று நஞ்சுக்கொடியில் இருக்கிறது. இக்காப்பு முழுமையானதன்று, ஆனால் தாய்க்கு வரும் ஒவ்வொரு பயமும் அப்படியே பிள்ளையைச் சென்று தாக்குகிறது என்னும் எண்ணத்திற்கு ஆதாரமில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்லெண்ணம் உடையவர்களே கர்ப்பிணியிடம், "நீ கவலைப்பட்டால் அது வயிற்றுப் பிள்ளையைக் கெடுத்துவிடும்" என்று எச்சரிக்கின்றனர். ஏற்கனவே நூறு கவலை உடையவளுக்கு இது நூற்றோராவது கவலை. இனி அவள் கவலைப்படுவதற்காகவும் கவலைப்படுவாள். பிரசவத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால் பழி முழுவதும் தன் மேலேயே விழும் என்று அஞ்சி, மனத்திலுள்ளதை முன்னிலும் ஆழமாக மறைப்பாள். ஆராய்ச்சியின் முடிவைத் தாயின் மேல் சுமத்தும் குற்றச்சாட்டாக மாற்றுவது விஞ்ஞானத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். அம்முடிவுகள் கணவனிடமும், மாமியாரிடமும், நிர்வாகத்தாரிடமும் சொல்லப்பட வேண்டியவை. தாயிடம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: இது பலருக்கும் வருவது, அவளுடைய குற்றமன்று, தீர்க்கக் கூடியது.

அச்சுறுத்திப் பிரசாரம் செய்தல்

சுகாதாரப் பிரசாரத்தின் முறையையும் இங்கே ஆராய்தல் பொருத்தமாகும். பெண்களைப் பரிசோதனைக்கு வரவழைக்கவும், மாத்திரைகளைத் தவறாது உண்ணச் செய்யவும் அச்சுறுத்தும் சொற்களைப் பயன்படுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. "வராவிட்டால் பிள்ளை தங்காது", "மாத்திரை சாப்பிடாவிட்டால் உன் உயிருக்கு யார் பொறுப்பு?" என்பன போன்ற சொற்கள் உடனடியாகப் பயன் தருவன போலத் தோன்றும். ஆனால் அச்சத்தால் வந்தவள் அச்சம் மிகுந்தபொழுது வராமலும் நின்றுவிடுவாள். வந்தாலும், ஏச்சுக்கு அஞ்சித் தவறவிட்ட மாத்திரையைப் பற்றி உண்மை சொல்ல மாட்டாள். பணியாளரின் கையிலுள்ள அட்டை நிறையும், உண்மை மறைந்துவிடும்.

ஆபத்துக் குறிகளைச் சொல்லவே கூடாது என்பது இதன் கருத்தன்று. இரத்தப்போக்கு, கடுந்தலைவலியுடன் கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றை ஒவ்வொரு கர்ப்பிணியும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஆபத்தையும் அதற்குரிய வழியையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும் என்பதே கருத்து. குறி தோன்றினால் எங்கே செல்வது, 108 வண்டியை எவ்வாறு அழைப்பது, துணைக்கு யார் வருவார் என்பவற்றை அப்பொழுதே பேசி முடிவு செய்துவிட்டால், அறிவு அச்சமாக மாறாது, ஆயத்தமாக மாறும்.

களப்பணியாளர் செய்யக் கூடியவை

முதலாவது, கேட்டல். கடந்த இரண்டு வாரங்களில் மனம் பதறியோ நிலைகொள்ளாமலோ இருந்ததுண்டா, கவலையை நிறுத்த முயன்றும் நிறுத்த முடியாமற் போனதுண்டா என்னும் இரண்டு எளிய கேள்விகள் போதும். இவற்றுக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகாது. அடிக்கடி உண்டு என்று விடை வருமாயின், விரிவான விசாரணைக்கு மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். முன்பு நேர்ந்த கருச்சிதைவு, பிள்ளை இழப்பு, மனநோய்க்கு உண்ட மருந்து ஆகியவற்றையும் முதற்பதிவின்பொழுதே கேட்டறிதல் நலம். மனநோய் மருந்து உண்டுவந்த பெண், கருவுற்றது தெரிந்ததும் தானாகவே மருந்தை நிறுத்திவிடுவதும் உண்டு. தொடர்வதா, மாற்றுவதா என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அவளை உடனே அவரிடம் அனுப்புதலே பணியாளரின் கடமை.

இரண்டாவது, தனிமை. மாமியாரும் நாத்தனாரும் அருகில் நிற்கையில் எந்தப் பெண்ணும் வீட்டுத் துயரத்தைச் சொல்லமாட்டாள். எடை பார்க்கும் சாக்கிலோ, வயிற்றைப் பரிசோதிக்கும் சாக்கிலோ சில நிமிடத் தனிமையை உண்டாக்கிக் கொள்ளலாம். கேட்டறிந்த செய்தியை வேறு எவரிடமும் வெளியிடாதிருத்தல் இப்பணியின் உயிர்நாடி. ஒரு முறை நம்பிக்கை கெட்டால் அத்தெருவிலுள்ள எந்த வீட்டிலும் மறுபடி உண்மை கிடைக்காது.

மூன்றாவது, காரணத்தைப் பார்த்துப் பரிகாரம் தேடுதல். பிரசவச் செலவை எண்ணி அஞ்சுகின்றவளுக்கு, 2011 இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவ நிலையங்களில் சாதாரணப் பிரசவமும் சிசேரியன் பிரசவமும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன என்று தெரிவித்தலே பாதி மருந்தாகும். மகப்பேற்றுக்கான உதவித் தொகைக்குரிய படிவங்களை நிரப்பிக் கொடுத்தலும் மனநலப் பணியே. பிரசவ அறையில் தனித்து விடப்படுவோம் என்று நடுங்குகின்றவளுக்கு, துணைக்கு ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ள அரசு மருத்துவ நிலையங்களில் 2016 இல் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதி அளித்திருப்பதை எடுத்துச் சொல்லலாம். இத்துணையின் பயன் வெறும் ஆறுதல் மட்டுமன்று. 17 நாடுகளில் 15,000 பெண்களுக்கு மேல் ஈடுபட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான அறிக்கை, தொடர்ந்த துணையுடன் பிரசவித்தோருக்குப் பிரசவ நேரம் குறைவதையும், சிசேரியன் தேவை குறைவதையும் காட்டியது.

நான்காவது, குடும்பத்தாருடன் பேசுதல். கணவனும் மாமியாரும் எதிரிகள் என்று எண்ணித் தொடங்கினால் காரியம் கெடும். மாமியாரும் ஒரு காலத்தில் அதே அச்சத்துடன், கேட்பாரற்று, பிள்ளை பெற்றவளே. அவளுடைய அனுபவத்தை மதித்துக் கேட்டு, மருமகளுக்கு ஒரு வேளை உறக்கத்தையும், தண்ணீர் சுமப்பதிலிருந்து விடுதலையையும் பெற்றுத் தருதல் கூடும். வன்முறை உள்ள வீட்டில் மட்டும் இம்முறை பொருந்தாது. அங்கே கணவனிடம் நேரே பேசுவது பெண்ணுக்கே ஆபத்தாக முடியலாம். 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அவளுக்குச் சொல்லி, அவளுடைய விருப்பப்படியே அடுத்த நடவடிக்கையை எடுத்தல் வேண்டும்.

ஐந்தாவது, தாமதமின்றி அனுப்புதல். உண்ணாமலும் உறங்காமலும் இருப்பவள், வாழ்வதில் பயனில்லை என்று சொல்பவள், தன்னை மாய்த்துக் கொள்ள எண்ணுபவள் ஆகியோரைத் தனியே விடலாகாது. அன்றைய தினமே மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும். டெலி-மானஸ் என்னும் தேசிய மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 14416 என்னும் எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழ் உள்ளிட்ட இருபது மொழிகளில் பேசலாம். 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவைகளைப் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. பிள்ளையைப் பறித்துக் கொள்வார்களோ என்று சிகிச்சைக்கு அஞ்சுகின்றவளுக்கு இச்செய்தி பேருதவியாகும்.

இரண்டு ஆட்சேபங்கள்

இவற்றைக் கேட்டவுடன் எழும் முதல் ஆட்சேபம், பணிச்சுமை. ஒரு பணியாளர் நிரப்ப வேண்டிய பதிவேடுகள் ஏற்கனவே பல. மேலும் ஒன்றைச் சேர்ப்பது நியாயமா என்று கேட்கப்படுகிறது. இது உண்மையான குறை. இதை நிர்வாகத்தார் அலட்சியம் செய்யலாகாது. இரண்டு கேள்விகளுக்கு ஒரு நிமிடம் போதும் எனினும், அவற்றுக்கு வரும் விடையைக் கேட்க அரை மணி தேவைப்படலாம். அந்த அரை மணியைத் தர வேண்டுமாயின், பயனற்ற படிவங்களுள் சிலவற்றையேனும் நீக்குதல் வேண்டும். பணியாளரின் தோளில் ஒன்றை ஏற்றுகின்றவர்கள் மற்றொன்றை இறக்கி வைக்கக் கடமைப்பட்டவர்கள்.

இரண்டாவது ஆட்சேபம், மனநல மருத்துவர் இல்லாத ஊரில் நோயைக் கண்டுபிடித்து என்ன பயன் என்பது. இதற்கு விடை ஆய்வுகளிலேயே இருக்கிறது. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில், மனநலத்தில் சிறப்புக் கல்வி பெறாத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து நடத்திய ஆய்வு 2008 இல் வெளியாயிற்று. கர்ப்ப காலத்தில் மனச்சோர்வுற்றிருந்த தாய்மாரிடையே அவர்கள் வீடுவீடாகச் சென்று பணியாற்றினர். பிரசவமாகி ஆறு மாதங்களில் அவர்களுடைய உதவியைப் பெற்றோரில் நூற்றுக்கு 23 பேரிடமும், பெறாதோரில் 53 பேரிடமும் நோய் நீடித்திருந்தது. அந்நாட்டின் ராவல்பிண்டியில் கவலையுற்ற கர்ப்பிணிகளிடையே, இவ்வாறே சிறப்புக் கல்வி பெறாதவர்களைக் கொண்டு நடத்தி, 2024 இல் வெளியான ஆய்வில், பிரசவமாகி ஆறு வாரங்களுக்குப் பின் கடுங்கவலையோ நடுத்தரக் கவலையோ உடையவர்கள், உதவி பெற்றோரில் நூற்றுக்கு 9 பேர். பெறாதோரில் 27 பேர். வறுமை, கூட்டுக் குடும்பம், ஆண் பிள்ளை ஆசை ஆகியவற்றில் இந்தியக் கிராமங்களை ஒத்த சூழ்நிலையில் கிடைத்த பலன்கள் இவை. பயிற்சியும், தொடர்ந்த மேற்பார்வையும், கடினமான நோயாளிகளை அனுப்ப ஓர் இடமும் இருந்தால், இவ்வேலை களப்பணியாளரால் இயலாத வேலையன்று. இம்மூன்றும் இல்லாமல் கேள்வியை மட்டும் படிவத்தில் அச்சிடுவதோ, பெண்ணின் துயரத்தைத் திறந்துவிட்டு ஓடிப்போவதற்கு ஒப்பாகும்.

ஆசிரியரின் பங்கு

ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண்ணும் பையனும் சில ஆண்டுகளில் தாயும் தந்தையும் ஆக வேண்டியவர்கள். குழந்தையின் பால் எவ்வாறு அமைகிறது என்பது உயிரியல் பாடத்தில் வருகிறது. தாயின் முட்டையில் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே உண்டு. எக்ஸ், ஒய் இரண்டில் ஒன்று தந்தையின் விந்தணுவிலிருந்தே வருகிறது. தந்தையாலும் அதைத் தேர்ந்தெடுக்க இயலாது. இப்பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் நடத்திவிடாமல், பெண் பிறந்தால் தாயைப் பழிப்பது அறியாமை என்பதையும் சேர்த்துச் சொன்னால், அச்சொல் வீடுகளுக்குள் செல்லும்.

2019-21 ஆம் ஆண்டு ஆய்வின்பொழுது 20 முதல் 24 வயது வரை இருந்த பெண்களில் நூற்றுக்கு 23.3 பேர், பதினெட்டு வயதுக்கு முன்பே மணமானவர்கள். இளவயதுக் கர்ப்பம் கவலைக்குரிய காரணங்களுள் ஒன்று என்று மேலே கண்டோம் எனில், ஒரு மாணவியைப் பள்ளியில் மேலும் இரண்டு ஆண்டுகள் நிறுத்தி வைக்கும் ஆசிரியர், பிற்காலத்துத் தாய் ஒருத்தியின் மனநலத்தையே காக்கின்றார். பெற்றோர் கூட்டத்தில் தந்தைமாரிடம் நான்கு வார்த்தைகள் சொல்லும் வாய்ப்பும் அவருக்கு உண்டு. மருத்துவர் சொல்லும்பொழுது அறிவுரையாக ஒலிப்பது, ஆசிரியர் சொல்லும்பொழுது ஊர் வழக்கமாக மாறக்கூடும்.

ஒவ்வொரு மாதமும் 9 ஆம் தேதியன்று, 2016 இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி, அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகள் வரிசையில் நிற்கின்றனர். அவர்களுள் ஐவருக்கு ஒருவரேனும் சொல்ல முடியாத கவலை ஒன்றைச் சுமந்து நிற்கலாம் என்று ஆய்வுகளின் கணக்கு கூறுகிறது. இரத்த அழுத்தமானியின் பட்டையை அவிழ்க்கும் நேரத்தில், "அம்மா, மனம் எப்படி இருக்கிறது? இரவில் உறங்க முடிகிறதா?" என்று கேட்டுவிட்டு, விடை வரும் வரை காத்திருத்தல் எந்த மருந்துக் கிடங்கிலிருந்தும் வர வேண்டிய பொருளன்று. அடுத்த 9 ஆம் தேதியிலேயே அதைத் தொடங்கலாம்.